உப்பா, கெர்னலா? தூங்கிப்போகும் சாதனங்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தென்கடல்_மண்டபம்:

மண்டபம் ஊரில் தென்கடல் பக்கம் ஒரு கொட்டகையில் சின்ன லினக்ஸ் போர்டு (ஒரே பலகையில் அடங்கிய கணினி) ஒன்று ஓடுகிறது. கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்று யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வழியாக அதில் சேர்கிறது, மின்சாரத்துக்கு சோலாரும் பேட்டரியும். மேகமூட்டமான நாள் என்றால் விடியற்காலையில் பேட்டரி இறங்கி போர்டு அணைந்துவிடும், வெயில் ஏறியதும் தானே எழும், ஆனால் சென்சாரிலிருந்து எண் வராது. கன்வெர்ட்டரைக் கழற்றித் துடைத்துச் சொருகினால் வரும். நம்ம ஊரில் எது நின்றாலும் முதலில் உப்புக்காற்றைத்தானே சொல்வோம், இதற்கும் அதையே சொன்னார்கள், துடைத்தால் சரியாவதைப் பார்த்தபிறகு யார்தான் மறுப்பது?

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். உப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் அறுபட வேண்டும், ஏன் போர்டு எழுந்த பிறகு மட்டும்? சாதனங்களின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு அமைப்பில் ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் பவர் என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் ‘சஸ்பெண்டட்’ (தூக்கத்தில்) என்று நிற்கிறது. கெர்னல், அதாவது லினக்ஸின் மைய நிரல், எழுதும் லாக்கில் டிஸ்கனெக்ட் என்று ஒரு வரிகூட இல்லை. அதே இடத்தில் கனெக்டட் டியூரேஷன், ஆக்டிவ் டியூரேஷன் என்று இரண்டு எண்கள், மில்லிசெகண்டில் இருக்கும். முதலாவது, சாதனம் சொருகப்பட்டதிலிருந்து எவ்வளவு நேரம் என்பது. அடுத்தது, அதில் விழித்திருந்த நேரம். முதல் எண் அடிக்கடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் கன்வெர்ட்டரின் சொருகு பின் அரித்து இணைப்பு அறுபடுகிறது, உப்பேதான், போய்த் துடையுங்கள். முதல் எண் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போய் இரண்டாவது அப்படியே நின்றால் சாதனம் தூங்குகிறது. எனக்கு இரண்டாவது கதை.

யார் தூங்க வைத்தது? ஹப் (பல யூஎஸ்பி சாதனங்களைச் சொருகும் பெட்டி) தவிர மற்ற யூஎஸ்பி சாதனங்களுக்கு கெர்னல் தானாக ஆட்டோசஸ்பெண்ட் (சும்மா இருந்தால் தூங்க வைப்பது) போடாது, பல சாதனங்கள் தூங்கி எழத் தெரியாதவை என்பதால் அதே பவர் கோப்புறையின் கண்ட்ரோல் கோப்பு ‘ஆன்’ என்றே இருக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க யாரோ பவர்டாப் என்ற மின்சேமிப்பு நிரலின் ஆட்டோ-டியூனை பூட் ஆகும்போதே ஓடும்படி வைத்திருக்கிறார்கள், அது எல்லாவற்றையும் ‘ஆட்டோ’ ஆக்கிவிடுகிறது. அப்புறம் 2 செகண்ட் சும்மா இருந்தால் போதும், கன்வெர்ட்டர் தூங்கிவிடும். சென்சார் எண் அனுப்பும்போது கன்வெர்ட்டர்தான் ஹோஸ்ட்டை, அதாவது போர்டை, எழுப்ப வேண்டும். இந்த மலிவு கன்வெர்ட்டர் எழுப்புவேன் என்று சொல்லிக்கொள்ளும், எழுப்பாது. கழற்றிச் சொருகினால் அது புதுச் சாதனமாகப் பதிவாகி, கண்ட்ரோல் மறுபடி ‘ஆன்’ ஆகி, அடுத்த பூட் வரை நன்றாக ஓடும். துடைத்த துணிக்கு இதில் வேலையே இல்லை!

இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கீழக்கரை_காக்கா (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்):

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. எனக்கு லேப்டாப்பில். மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் போய் இறங்கினால் பை சுடுகிறது, சார்ஜ் பாதிக்கு மேல் காலி. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொன்னார், நான் மாற்றவில்லை. மெஷினுக்கு எந்த வகைத் தூக்கம் தெரியும் என்று காட்டும் மெம்-ஸ்லீப் கோப்பைப் பார்த்தால் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது, பழைய ‘டீப்’, அதாவது எஸ்3, பட்டியலிலேயே இல்லை. எஸ்3-இல் ஃபர்ம்வேர் (மெஷினிலேயே பதிந்திருக்கும் நிரல்) மெமரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிடும். எஸ்2ஐடிலில் அப்படி இல்லை, ஒவ்வொரு சாதனமும் தன் பங்குக்கு அடங்கினால்தான் முழு சிப்பும் ஆழமாக இறங்கும். ஒன்றே ஒன்று டி0 என்ற முழு விழிப்பு நிலையில் இருந்தாலும் போச்சு. இன்டெல்லில் டீபக்எஃப்எஸ்ஸுக்குள் (கெர்னலின் சோதனைக் கோப்புகள் இருக்கும் இடம்) பிஎம்சி கோர் என்ற இடத்தில் எஸ்0 ரெசிடென்சி எண் (சிப் ஆழமாகத் தூங்கிய நேரம்) இருக்கும், தூங்கி எழுந்த பிறகும் அது ஏறவில்லை என்றால் நீங்கள் தூங்கவே இல்லை என்று அர்த்தம். எனக்குக் குற்றவாளி கார்டு ரீடர். பயாஸில் அதை அணைத்தேன், பை சுடுவது நின்றது.

பாம்பன்_டிரைவர்காரன் (வண்டி டிரைவர் இல்லை!):

அண்ணே, காக்கா, டிரைவர் (சாதனத்தை ஓட்டும் நிரல்) எழுதுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு கதை. சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் தூங்க வைக்கும் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் கெர்னலுக்குள் வந்தது 2.6.32-இல், 2009. அடிப்படையில் அது ஒரு எண்ணிக்கைதான். சாதனத்தைத் தொடும் முன் கெட் (ஒன்று கூடும்), முடித்ததும் புட் (ஒன்று குறையும்), பூஜ்யமானால் தூங்கலாம். ஒரு ஏஆர்எம் (மொபைல் வகைச் சிப்) போர்டுக்கு வந்திருந்த டிரைவரில் எர்ரர் வழியில் மட்டும் புட் இல்லை. சிப்புகளை இணைக்கும் ஐ2சி வயர் ஒரு தடவை சொதப்பினால் போதும், எண்ணிக்கை ஒன்றிலேயே நின்றுவிடும், சாதனம் அப்புறம் தூங்கவே தூங்காது. எந்த எர்ரரும் வராது, பேட்டரி மட்டும் சீக்கிரம் இறங்கும், எல்லோரும் சோலார் பேனலில் தூசி என்பார்கள்.

இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம். புட் ஒன்று கூடிப்போனால் வேலை நடக்கும்போதே கிளாக் (சாதனத்தை இயக்கும் துடிப்பு) நிற்கும், பல ஏஆர்எம் சிப்பில் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரை (சாதனத்தின் உள் நினைவிடம்) தொட்டால் போர்டே உறைந்துவிடும். பிசிஐ சாதனம் என்றால் கொஞ்சம் நாகரிகம், டி3கோல்டில் (மின்சாரமே இல்லாத தூக்கம்) இருப்பதைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். அந்த எண்ணை உண்மையென்று நம்பி மேலே ஓடுகிற டிரைவரும் உண்டு.

மூடித் திறந்தால் கறுப்புத் திரையோடு நின்றுவிடும் மெஷின் யாரிடமாவது இருந்தால் பிஎம்-டிரேஸ் போட்டுப் பாருங்கள். கடைசியாக எழ முயன்ற சாதனத்தின் அடையாளத்தை மெஷினின் தேதி காக்கும் ஆர்டிசி கடிகாரத்துக்குள்ளேயே எழுதி வைக்கும், ரீபூட் ஆனதும் லாக்கில் எது என்று சொல்லும். இன்டெல், ஏஎம்டி மெஷினில்தான் நடக்கும். கடிகாரம் கெடும் என்று தெரிந்தேதான் ஒரு ஐஸ் பிளான்ட் கணக்கு மெஷினில் போட்டேன், வைஃபை டிரைவர்தான் காரணம் என்று பிடிபட்டது. நான் தேதியைத் திருத்துவதற்குள் பில் போடுகிற பையன் சம்பந்தமே இல்லாத ஒரு தேதியில் விசைப்படகு ஒன்றுக்கு ஐஸ் பில் அடித்துக் கொடுத்துவிட்டான். சங்கத்துக்காரர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள்.

தென்கடல்_மண்டபம்:

நன்றி தம்பி, காக்கா. பவர்டாப் சேவையை எடுக்கவில்லை. யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்ட் மைனஸ் 1 என்று பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு) போட்டு மொத்தமாக அணைக்கச் சொன்னார்கள், சோலாரில் ஓடுகிற போர்டுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அந்தக் கன்வெர்ட்டரின் வெண்டர் எண்ணைப் பிடித்து கண்ட்ரோல் ‘ஆன்’ ஆகும்படி யூடெவ் விதி (சாதனம் சேரும்போது தானே ஓடும் அமைப்பு) எழுதினேன், பவர்டாப் அதை மறுபடி மாற்றாமலிருக்க, பவர்டாப் ஓடி முடிந்த பிறகு விதி ஓடும்படி செய்தேன்.

ஒரு கேள்வி மட்டும். கன்வெர்ட்டர் ஹப்பில் தொங்குகிறது. அது விழித்தே இருந்தால் ஹப்பும் தூங்காதுதானே?

பாம்பன்_டிரைவர்காரன்:

தூங்காது அண்ணே. பிள்ளை விழித்திருக்கும்வரை பெற்றவர் தூங்க முடியாது, ஹப்பும் அதற்கு மேல் கண்ட்ரோலரும் சேர்ந்தே விழித்திருக்கும். போர்டில் நேரடியான யுஏஆர்டி (சீரியல்) பின் இருக்கும், சென்சாரை அதில் கொடுத்தால் யூஎஸ்பி பக்கம் முழுவதையும் தூங்க விடலாம். வோல்டேஜ் 3.3-ஆ 5-ஆ என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.