மலிவான இறக்குமதி ரோட்டவேட்டரா, விலை கூடிய உள்நாட்டுத் தயாரிப்பா?

கேள்வி (பாலக்கோடு):
என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் உள்ளது. தக்காளியும் ராகியும் பயிரிடும் நிலம், கல் மிகுந்த செம்மண். அதில் பூட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வாங்க வேண்டும். இறக்குமதிக் கருவியின் விலை கணிசமாகக் குறைவாக இருப்பதால் தயங்குகிறேன். எதை வாங்கலாம்?

பதில் 1 (காவேரிப்பட்டணம்):
விலையைக் கேட்பதற்கு முன் கத்தியைக் கழற்றிப் பாருங்கள். கல் நிலத்தில் கத்திகள் விரைவில் தேயும். அவற்றின் போல்ட் துளைகள் உள்ளூரில் கிடைக்கும் கத்திகளோடு பொருந்தாவிட்டால், மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழ வேண்டிய வேளையில் கருவி கொட்டகையில்தான் கிடக்கும். கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கும் இதே சோதனை தேவை.

பதில் 2 (அரூர்):
வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் ஒப்புதல் பெற்ற மாடல்களுக்கு மட்டுமே கிடைக்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை உண்டு என்பதால், விலை வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடலாம்.

பதில் 3 (ஊத்தங்கரை):
இறக்குமதி என்றாலே மட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. ஆயினும் உதிரிபாகம் வைத்திருக்கும் கடை அருகில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இரண்டு மூன்று ஏக்கர் மட்டுமே என்றால் வாடகை உழவே போதும்.