‘கம்ப்ரஷன்’: இடைவெளிக்குறுக்கம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலில் ‘ஃபோக்கல் லெங்த்’துக்கான ‘குவியத்தொலைவு’ பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அதைக் கிளற வேண்டாம். மாட்டிக்கொண்டு நிற்பது ‘கம்ப்ரஷன்’, அதாவது படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் நெருங்கி ஒட்டினாற்போல் தெரிவது. போன மடலில் இதற்கு வந்த ‘அழுத்தம்’ டயர்க் கடையை நினைவூட்டுகிறது. ‘சுருக்கம்’ ஏற்கெனவே கோப்பைச் சுருக்குவதற்குப் போய்விட்டது.

தெருப் படத்துக்கு 35 மி.மீ. குவியத்தொலைவுள்ள லென்ஸ், தவறினால் 50 என்பது எழுதாத சட்டம். பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கார்ட்டியே பிரெசோன் பெரும்பாலும் 50-லேயே எடுத்தார். ஆனால் அமெரிக்க ஒளிப்படக்காரர் சால் லைட்டர் நியூயார்க் தெருக்களில் நீள லென்ஸும் (குவியத்தொலைவு கூடியது) வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் ஒரு மாதமாகச் சேலத்தில் 135 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு திரிகிறேன். கோரிமேட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. எதிர்ச்சாரியில் தள்ளி நின்று எடுத்தால், டீ ஆற்றும் மாஸ்டரின் தோளில் சேர்வராயன் மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஒட்டலுக்குத்தான் பெயர் வேண்டும்.

லென்ஸ்தான் மலையை இழுத்து வருகிறது என்று பலரும் நம்புகிறோம். அது தப்பு. இரவல் வாங்கிய 35-ஐ அதே இடத்தில் வைத்து எடுத்து, நடுத்துண்டை வெட்டிப் பாருங்கள்: மலை அதே தோளில்தான். (24 மெகாபிக்சலில் ஒன்றரை சொச்சம்தான் மிஞ்சும், அது வேறு கதை.) காரணம் நாம் நிற்கிற தூரம். ஒரே உயரமுள்ள இருவர், ஒருவர் 3 மீட்டரில், மற்றவர் 6 மீட்டரில் என்றால் முன்னவர் இரட்டிப்பாகத் தெரிவார். நாம் 12 மீட்டர் பின்வாங்கினால் 15-க்கு 18. வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்குதான். இருவருக்கும் நடுவே அதே 3 மீட்டர் இருக்கிறது, கண்ணுக்குத்தான் குறுகிவிட்டது. தூரத்தால் சிறுத்துப்போனவர்களை மறுபடி படம் நிறையக் காட்டுவது மட்டுமே 135-இன் வேலை.

இலக்கணத்தில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது. தனி ‘ஐ’ 2 மாத்திரை. ‘வளையல்’ நடுவே வந்தால் 1. எழுத்து மாறவில்லை, நிற்கிற இடம் மாறியது. ஐகாரக்குறுக்கம். அதே வழியில் ‘இடைவெளிக்குறுக்கம்’ என்கிறேன்.

மறுமொழி:
> இடைவெளிக்குறுக்கம்
வாய் வலிக்கிறது. ‘இடைக்குறுக்கம்’ போதாதா?

மறுமொழி:
இடை என்றால் இடுப்பு ஐயா! உடல் இளைக்க மருந்து விற்பதுபோல் ஆகிவிடும். இடைக்குறை என்று வேறொன்றும் இலக்கணத்தில் உண்டு, குழப்பம். நீளமாக இருந்தாலும் முழுசாகவே இருக்கட்டும்.

மறுமொழி:
அப்படியானால் இதற்கு எதிர்ப்பதம்? ஏற்காடு ஏரிக்கரையில் 21 மி.மீ. வைத்துக்கொண்டு பஜ்ஜிக் கடை அக்காவின் வாணலிக்கு ஒரு முழத்தில் நின்றேன். வாணலி அண்டாவாகிவிட்டது, பின்னால் ஏரி குட்டையாகிவிட்டது. குறுக்கத்துக்கு எதிர் அளபெடை. ‘இடைவெளி அளபெடை’ என்று போடலாமா?

மறுமொழி:
வாணலிக்குப் பொருத்தம்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் அளபெடையில் ஓசை நீண்டதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு குற்றெழுத்து நிற்க வேண்டும். படத்தில் அப்படி எதுவும் கிடையாது. பட்டியலில் ‘இடைவெளிநீட்சி’ என்று ஏற்றிவிடுங்கள். அக்காவின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.