ஜிசிசி 12-இல் தொகுத்த நிரல் ஓடும்போது பழைய சி++ நூலகத்தை எடுத்துக்கொள்கிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். என் அல்மாலினக்ஸ் 8 கணினியில் அமைப்போடு வந்த ஜிசிசி 8.5 கம்பைலர் இருக்கிறது. அதைத் தொடாமல், ஜிசிசி 12-ஐ மூலநிரலிலிருந்து கட்டி, /ஆப்ட்/ஜிசிசி-12 என்னும் தனி அடைவில் நிறுவியிருக்கிறேன். புதிய கம்பைலரில் என் நிரல் எந்தப் பிழையும் இல்லாமல் தொகுக்கப்பட்டு லிங்க்கும் ஆகிறது. ஆனால் ஓட்டினால், சி++ நூலகத்தின் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 என்ற பதிப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிரல் எந்த நூலகங்களை எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையோ /யூஎஸ்ஆர்/லிப்64 அடைவில் உள்ள பழைய சி++ நூலகத்தையே காட்டுகிறது. லைப்ரரி_பாத் மாறியில் புதிய அடைவைச் சேர்த்தும் பயனில்லை. அதே கம்பைலரில் தொகுத்த சிறு சோதனை நிரல் மட்டும் ஒழுங்காக ஓடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில் 1

வணக்கம். நூலகத்தை லிங்கர் (தொகுத்த துண்டுகளை இணைத்து நிரல் கோப்பாக்குவது) தேடுவதும் லோடர் (ஓட்டும்போது நிரலையும் நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றுவது) தேடுவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள். லிங்க் செய்யும் நேரத்தில் ஜி++ (ஜிசிசியின் சி++ கம்பைலர்) தன் சொந்த அடைவுகளை லிங்கரிடம் தானே கொடுத்துவிடுவதால் புதிய நூலகம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த இடம் உங்கள் நிரல் கோப்பில் பதியப்படுவதில்லை, நூலகத்தின் பெயர் மட்டுமே பதிகிறது. லைப்ரரி_பாத் மாறியும் தொகுக்கும் நேரத்தில் மட்டுமே படிக்கப்படுவது. ஓடும் நேரத்தில் லோடர் முதலில் எல்டி_லைப்ரரி_பாத் மாறியையும், அடுத்து கோப்பில் எழுதப்பட்ட ரன்பாத்தையும் (நூலகத்தைத் தேட வேண்டிய அடைவு), அதன் பிறகு எல்டிகான்ஃபிக் கட்டளை உருவாக்கிய நூலகப் பட்டியலின் தற்காலிகச் சேமிப்பையும் பார்க்கும். முதல் இரண்டும் உங்களிடம் காலியாக இருப்பதால் அமைப்பின் நூலகம் அகப்படுகிறது.

ஜிசிசி 8 தரும் நூலகம் 3.4.25 வரையிலான குறியீடுகளை (நூலகச் செயற்கூறுகளின் பெயர்களை) மட்டுமே கொண்டது, 3.4.30 ஜிசிசி 12-உடன் வந்தது. உங்கள் சோதனை நிரல் பழைய குறியீடுகளை மட்டும் பயன்படுத்தியதால் தப்பித்திருக்கிறது. பெரிய நிரலில் நூலிழைகளும் (த்ரெட்), அவை ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க உதவும் கண்டிஷன்_வேரியபிளின் வெயிட் அழைப்பும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த அழைப்பு ஜிசிசி 12-இல் 3.4.30 பதிப்போடு கட்டப்படுகிறது.

லிங்க் வரியில் -டபிள்யூஎல்,-ஆர்பாத் என்று எழுதி, காற்புள்ளிக்குப் பின் புதிய நூலக அடைவைக் கொடுங்கள்; அது நிரல் கோப்பில் பதிந்துவிடும். பேஷ்ஆர்சி என்னும் முனைய அமைவுக் கோப்பில் எல்டி_லைப்ரரி_பாத் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது அந்த முனையத்தில் ஓடும் எல்லா நிரல்களையும் தொடும், அதே சமயம் கிரானில் (நேரம் குறித்துத் தானாக ஓட்டும் சேவை) ஓட்டினால் உங்கள் நிரலுக்கே அது கிடைக்காது.

கேட்டவர்

ஊகம் சரிதான், நிரலில் நூலிழைகள் இருக்கின்றன. ஆனால் ஆர்பாத்தில் /ஆப்ட்/ஜிசிசி-12/லிப் என்று கொடுத்துத் தொகுத்த பிறகும் அதே பிழை வருகிறது. நிரல் கோப்பின் பதிவுகளைக் காட்டும் ரீட்எல்ஃப் -டி கட்டளையில் அந்த அடைவு பதிந்திருப்பது தெரிகிறது.

பதில் 1

பதிந்திருக்கிறது, ஆனால் தவறான அடைவு. 64-பிட் ரெட்ஹேட் வழி அமைப்புகளில் ஜிசிசி தன் 64-பிட் நூலகங்களை லிப்64 அடைவில் வைக்கிறது. ஆர்பாத் காட்டும் இடத்தில் நூலகம் இல்லையென்றால் லோடர் எந்த முறையீடும் செய்யாமல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். இந்த மௌனம்தான் பலருடைய அரை நாளைத் தின்றிருக்கிறது, என்னுடையதையும் சேர்த்து. புதிய ஜி++-ஐ -பிரின்ட்-ஃபைல்-நேம் தெரிவுடன், நூலகத்தின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் சரியான இடத்தை அதுவே சொல்லும். விடையில் இரட்டைப் புள்ளிகள் (..) நிறைந்திருந்தால் ரியல்பாத் கட்டளைக்குக் கொடுத்து நேராக்கிக்கொள்ளுங்கள். மேலும் ஐயம் இருந்தால் எல்டி_டீபக்=லிப்ஸ் என்று முன்னால் வைத்து நிரலை ஓட்டுங்கள்; லோடர் எட்டிப் பார்க்கும் ஒவ்வோர் அடைவும் வரிசையாக அச்சாகும்.

பதில் 2

மூலநிரலிலிருந்து கட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், அல்மாலினக்ஸ் களஞ்சியத்திலேயே ஜிசிசி-டூல்செட்-12 என்னும் ஆயத்தக் கம்பைலர் தொகுப்பு கிடைக்கிறது. அது அமைப்பின் பழைய நூலகத்தையே பயன்படுத்தி, அதில் இல்லாத புதிய குறியீடுகளை மட்டும் உங்கள் நிரலுக்குள் நிலையாக இணைத்துவிடுவதால் இந்தச் சிக்கலே எழாது. வேறு அல்மாலினக்ஸ் 8 கணினிக்கு நிரலை எடுத்துச் செல்வதும் எளிது.

கேட்டவர்

லிப்64 என்று மாற்றியதும் ஓடிவிட்டது. எல்டிடியும் இப்போது புதிய நூலகத்தைக் காட்டுகிறது. நிரலை மூன்று சேவையகங்களில் வைக்க வேண்டியிருப்பதால், அடுத்த வெளியீட்டை டூல்செட்டில் தொகுக்கப் போகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.