சாண எரிவாயு கலன் ஏன் பாதியில் படுத்துக்கொள்கிறது? பார்த்ததைச் சொல்லுங்கள்

கலன் கட்டும் மேஸ்திரி, தாராபுரம் பக்கம்

முதல் தப்பு மாட்டுக் கணக்கில் நடக்கிறது. நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் தீனபந்து கலனுக்கு (நிலத்தடியில் நிலையான குவிமாடமாகக் கட்டும் வகை) தினமும் 50 கிலோ பச்சைச் சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். "அஞ்சு மாடு இருக்கு, தாராளம்" என்பார்கள். மேய்ச்சலுக்குப் போகிற மாட்டின் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். கட்டுத்தறியில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு வாரம் கூடையில் அள்ளி எடை போட்டுவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். 30 கிலோ சாணத்துக்கு 3 கன மீட்டர் கலன் கட்டினால் செலவுதான் கூடும், வாயு கூடாது.

அடுத்தது கரைக்கிற தொட்டி. கையில் கட்டி தட்டாத கூழ் பதத்துக்குக் கரைத்து, நுழைவுக் குழாயை அடைப்பால் மூடி, பத்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். வைக்கோல் சக்கை மேலே மிதக்கும், மண் அடியில் தங்கும். சக்கையை அள்ளிப் போட்டுவிட்டு அப்புறம் அடைப்பை எடுக்க வேண்டும். தொட்டியின் தரைச்சரிவு நுழைவுக் குழாய்க்கு எதிர்ப்பக்கம் இருந்தால் மண் அங்கேயே ஒதுங்கிக்கொள்ளும். பல இடங்களில் சரிவைக் குழாய்ப் பக்கமாகவே வைத்துவிடுகிறார்கள். அள்ளுகிற மண்ணெல்லாம் உள்ளே போய்ச் சேரும். நாலைந்து வருடத்தில் கலனின் கொள்ளளவே சுருங்கிவிடும். சக்கை உள்ளே போனால் மேலே ஆடை மாதிரிப் படிந்து, காய்ந்து தடித்து, வாயுவை மேலே வரவிடாது. வாயு சேரும் இரும்பு டிரம் மேலே மிதக்கிற வகைக் கலனாக இருந்தால் டிரம்மைத் தினமும் ஒருமுறை திருப்பி அந்த ஆடையை உடைக்கலாம். நிலையான குவிமாடத்தில் அதற்கு வழியில்லை.

கால்நடை மருந்தகப் பணி, ஈரோடு மாவட்டம்

மேஸ்திரி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக எரிந்த அடுப்பு திடீரென்று சுணங்கினால், அந்த வாரம் எந்த மாட்டுக்காவது மடிநோய்க்கு ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியேறி, வாயு உண்டாக்கும் நுண்ணுயிரைத் தாக்கும். சிகிச்சையில் இருக்கும் மாட்டின் சாணத்தை ஒரு வாரமாவது எருக்குழிக்குத் தனியாகப் போடுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர், சோப்புத் தண்ணீர் கலந்து கொட்டகை கழுவிய நீரைக் கலனுக்குள் விடவே கூடாது.

கலன் புளித்துவிட்டதா என்று பார்க்க, எண்ணோடு நிறம் காட்டும் pH காகிதம் போதும். கார அமில அளவு (pH) 6.8 முதல் 7.5 வரை இருக்கலாம். 6.5க்குக் கீழே போனால் சாணம் போடுவதைச் சில நாள் நிறுத்துங்கள். பிறகு நன்றாக ஓடும் வேறு கலனிலிருந்து இரண்டு மூன்று குடம் சாணக் குழம்பு வாங்கி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் கூட்டுங்கள். பயந்துபோய் இருமடங்கு சாணம் போட்டால் புளிப்பு இன்னும் ஏறும்.

அடுப்பு, குழாய் வேலை, கோபி

"கேஸ் இருக்கு, எரிய மாட்டேங்குது" என்றால் பத்தில் ஏழு இடத்தில் குழாயில் தண்ணீர் நிற்கும். கலனுக்குள்ளிருந்து ஈர வாயுதான் வருகிறது. ராத்திரிக் குளிரில் அது குழாயில் நீராகிவிடும். சுடர் துள்ளித் துள்ளி எரியும், காதை வைத்தால் களக் களக் என்று கேட்கும். குழாயை ஒரே சரிவாகப் பதித்து, ஆகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் குழாய் வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். நடுவில் தொய்வு விழுந்த பிளாஸ்டிக் குழாய்க்கு என்ன செய்தாலும் பலனில்லை.

சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டாதீர்கள். அதன் துளை சாண வாயுவுக்குப் போதாது, காற்றின் அளவும் வேறு. சாண வாயு அடுப்பே வாங்குங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பர்னரை விட்டு எழும்பி எரிந்தால் வால்வைக் கொஞ்சம் குறையுங்கள்.

புதுக் கலனில் முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயுவும் காற்றும்தான். அதை வெளியே விட்டுவிடுங்கள். எரிகிறதா என்று குழாய் வாயில் தீக்குச்சி காட்டவே காட்டாதீர்கள், காற்று கலந்த வாயு வெடிக்கும். அடுப்பில் மட்டும் பற்றவைத்துப் பாருங்கள்.

தென்னை, கரும்பு சாகுபடி, பொள்ளாச்சி

எல்லாரும் வாயுவையே பேசுகிறீர்கள். 2 கன மீட்டர் வாயு தோராயமாக 0.9 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். அதாவது தினம் 2 கன மீட்டர் வந்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடான வாயு சேர 16 நாள். ஆனால் கலனிலிருந்து வெளியேறி வயலுக்கு எருவாகப் போகும் குழம்பைக் கெடுக்கிறவர்கள்தான் அதிகம். வெயிலில் காயப் போட்டால் அம்மோனியாவாக இருக்கும் தழைச்சத்து காற்றோடு போய்விடும். நிழலில் இரண்டு குழி வெட்டி, கரும்புச் சோகை ஓர் அடுக்கு, குழம்பு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று மக்கும்போது மற்றது நிறையட்டும். அவசரமென்றால் மடைவாயில் பாசனத் தண்ணீரோடு நேராகக் கலந்துவிடலாம், சொட்டுநீர்க் குழாயில் மட்டும் வேண்டாம்.

குழி கிணற்றை ஒட்டி இருக்கக் கூடாது, நைட்ரேட் இறங்கும். எரிக்காமல் வாயுவைத் திறந்துவிடுவதும் கெடுதல்தான். 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும்.

மேஸ்திரி மறுபடியும்

கசிவு பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் அடுப்பு வால்வை மூடி, கலனிலிருந்து குழம்பு வந்து சேரும் வெளியேற்றுத் தொட்டியில் குழம்பு மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே சுண்ணாம்பால் கோடு போடுங்கள். வாயு சேரச் சேரக் குவிமாடம் குழம்பை அழுத்தும், தொட்டியில் மட்டம் ஏறும். காலையில் கோடு அப்படியே தெரிந்தால் வாயு ஊறவில்லை அல்லது கசிகிறது. குவிமாடத்தில் குழாய் இறங்கும் இடம், கேட் வால்வு, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் பூச்சில் கீறல். அதற்குக் குழம்பை முழுக்க இறைக்க வேண்டும். இறைத்த உடனே யாரும் உள்ளே இறங்காதீர்கள், சுவாசிக்கக் காற்று இருக்காது. பல நாள் திறந்துவைத்து, காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் இறங்கலாம். வெளியேற்றுத் தொட்டிமேல் சிலாப் மூடி இல்லாத கலன்கள் இன்னும் இருக்கின்றன. குழந்தைகளும் கன்றுகளும் நடமாடுகிற இடம், இன்றைக்கே போட்டுவிடுங்கள்.