டீகப்ளிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கான உறுப்புக்கொடைப் பயிற்சிக் கையேட்டில் 'டீகப்ளிங்' என்ற சொல் வருகிறது. மூளைச்சாவை உறவினரிடம் அறிவிப்பதையும் உறுப்புக்கொடை பற்றிக் கேட்பதையும் ஒரே மூச்சில் செய்யாமல் இரண்டு பேச்சாக வைத்துக்கொள்வதுதான் அது. இயற்பியலில் வழங்கும் 'இணைப்புநீக்கம்' பொருந்துமா?

– மொழிபெயர்ப்பாளர்

> 'இணைப்புநீக்கம்' பொருந்துமா?

வேண்டாம் ஐயா. மூளைச்சாவை உறுதிசெய்ய, தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா சோதனையில் உண்மையாகவே வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றுகிறோம். பத்து நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, குழாய் வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் விட்டபடி, எட்டுப் பத்து நிமிடம் நெஞ்சு அசைகிறதா என்று பார்ப்போம். மூச்சே வராமல், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவை எட்டினாலோ, தொடக்க அளவைவிட 20 மி.மீ. கூடினாலோ மூளைச்சாவுக்கு ஒத்த முடிவு. குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. கேஸ் ஷீட்டில் 'இணைப்புநீக்கம் முடிந்தது' என்று இருந்தால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் எதை எடுத்துக்கொள்வார்?

– மயக்கவியல் மருத்துவர்

'இருநிலைப் பேச்சு' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அதிலும் சிக்கல் உண்டு. நிலை என்றதும் கடிகாரம் பார்ப்பார்கள். அறிவித்து அரை மணி ஆயிற்று, போய்க் கேட்கலாம் என்று கிளம்பிவிடுவார்கள். அளவுகோல் நேரமல்ல. 'எப்போது கண் திறப்பார்?' என்று கேட்கும் குடும்பத்துக்கு இறப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. 'உடம்பு எப்போது கிடைக்கும்?' என்று கேட்டால் சேர்ந்துவிட்டது. விபத்து வழக்கானால் அந்தக் கேள்விக்குக் காவல்துறை விசாரணை, பிரேதப் பரிசோதனை இரண்டையும் சேர்த்துப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'பார்த்துச் சொல்கிறேன்' என்றால் அங்கேயே சம்மதம் போய்விடும்.

கெடுவது பெரும்பாலும் முதல் பேச்சில்தான். 'கோமா மாதிரி', 'மெஷினில் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறோம்' என்று யாராவது சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு பிரித்துக் கேட்டாலும் உயிரோடு இருப்பவரை அறுக்கக் கேட்பதாகவே படும். மூளையின் கட்டளை இல்லாமலே தண்டுவட அனிச்சையால் கை அசையக்கூடும் என்பதை உறவினர் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சோதனை நடத்திய மருத்துவர் அறிவிக்கட்டும், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் கேட்கட்டும். ஆனால் அறிவிப்பின்போதே ஒருங்கிணைப்பாளரும் பேசாமல் உடன் இருப்பது நல்லது. திடீரென்று புதுமுகம் வந்து சிறுநீரகம் கேட்டால் யாருக்கும் பிடிக்காது.

என் பரிந்துரை: இறப்பறிவிப்பு, கொடைவேண்டல், இரண்டுக்குமான நடைமுறை 'வேண்டல் பிரிப்பு'.

– உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்

'இறப்பறிவிப்பு' நன்று அம்மா. 'வேண்டல்' எனக்கு உறுத்துகிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் கெஞ்சச் சொல்லவில்லை. கொடுக்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்று தெரிவித்து, விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறது. 'விருப்பக் கேட்பு' என்றால் மறுப்பும் ஒரு விடையாகிவிடும். 'மறுத்துவிட்டார்கள்' என்று பயிற்சி மருத்துவரை யாரும் கடிந்துகொள்ளவும் இடம் இராது.

இன்னொன்று. கேட்கிற ஆளை மாற்றினாலே சம்மதம் கூடும் என்று கையேடு எழுதக் கூடாது. சிகிச்சைக் குழு மட்டும் கேட்பதையும், ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து கேட்பதையும் பிரிட்டனில் ஒப்பிட்டார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வில் சம்மத விகிதம் கூடவில்லை. ஸ்பெயினில் ஒருங்கிணைப்பாளர்களில் பெரும்பாலோர் தீவிர சிகிச்சை மருத்துவர்களே. யார் என்பதைவிட எப்போது, எப்படி என்பதில்தான் பயிற்சி நேரம் செலவாக வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்தவர் மூளைச்சாவுச் சான்றளிப்பில் இருக்கக் கூடாது, அது சட்டம்.

– மயக்கவியல் மருத்துவர்

அப்படியானால் பதிவு இப்படிப் போகட்டும்:

பிரித்துக் கேட்டல் (பெ.): இறப்பறிவிப்பை உறவினர் உணர்ந்துகொண்டபின், தனிப் பேச்சாக விருப்பக் கேட்பை நடத்துதல். அந்தச் சட்டத்தின் விதிகளில் படிவம் 10 மூளைச்சாவுச் சான்று. படிவம் 8 உறவினர் சம்மதம். இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டி உறவினர் முன் நீட்டலாகாது.

'பிரிச்சுக் கேட்டாச்சா?' என்று ஷிஃப்ட் மாறும்போது செவிலியர் வாயிலும் இது எளிதாக வரும். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.

– மொழிபெயர்ப்பாளர்