அமெரிக்க வரலாறு அசைன்மென்ட்: எந்தச் சமூகத்தை எடுக்கலாம்?

வண்ணாரப்பேட்டை பாபு:
பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம். இந்த செமஸ்டரில் அமெரிக்க வரலாறு ஒரு பேப்பர். நோட்ஸைப் புரட்டினால் கொலம்பஸ், வாஷிங்டன், லிங்கன், ரூஸ்வெல்ட், வரிசையாகப் பெரிய மனிதர்கள்தான். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு ஒன்றரைப் பக்கம். மேடம் என்னவென்றால் "அதிபர் யாரும் வேண்டாம், ஏதாவது ஒரு சமூகத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் மார்ட்டின் லூதர் கிங் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யோசனை சொல்லுங்க.

ராயபுரம் அக்கா:
தம்பி, உன் பேட்டையிலிருந்தே ஆரம்பியேன். கம்பெனிக்காரன் ஏற்றுமதி பண்ணின துணியை வெளுத்தவர்களால்தானே அதற்கு அந்தப் பேரே வந்தது. இந்தப் பக்கத்துக் கட்டம் போட்ட துணிக்கு கரீபியனில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் இன்றைக்கும் பேர் 'மதராஸ்'. நம் வீட்டில் லுங்கி, அங்கே விழா நாளில் பெண்கள் தலையில் கட்டுவது. முடிச்சில் எத்தனை முனை நிற்கிறதோ அதை வைத்து மனசில் ஆள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்பார்கள்.

பழைய ஹிஸ்டரி ஸ்டூடண்ட்:
அக்கா சொன்ன தீவுகள் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தவை, அங்கே துணி மட்டும் போகவில்லை. 1848ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் கூலிக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். 1853ல் மார்த்தினிக்குக்கு முதல் கப்பல், அடுத்த வருடம் குவாதலூப். மதுரைவீரன் அங்கே போய் 'மால்தெவிலென்' ஆகிவிட்டார், இன்னும் கும்பிடுகிறார்கள். இவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு குவாதலூப்பில் 1904ல் போராட ஆரம்பித்தவர் ஹென்றி சிதம்பரம், கிடைத்தது 1923ல்.

வியாசர்பாடி:
எல்லாம் சரி, ஆனால் எங்கே போனாலும் நம்ம ஆளையே தேடினால் நம்ம கதைதான் கிடைக்கும். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களை எடு. செக்வோயா என்று ஒருவர், இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாதவர், 1821ல் தன் மொழிக்குத் தனியாளாக எழுத்து உண்டாக்கினார். நம்ம உயிர்மெய் மாதிரி ஓர் அசைக்கு ஓர் எழுத்து. 1828ல் சொந்தப் பத்திரிகையே வந்துவிட்டது, செரோக்கியும் இங்கிலீஷும் கலந்து. எழுத்து, பத்திரிகை, அரசியல் சாசனம் எல்லாம் இருந்தும் 1838ல் பட்டாளத்தை விட்டு ஊரோடு கிளப்பி மேற்கே நடக்க விட்டார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் தெருவைக் காலி பண்ணினபோது அம்மா கதவைக் கழற்றி மீன்பாடி வண்டியில் போட்டு எடுத்து வந்தார், புது வீட்டில் அது எந்த வாசலுக்கும் பொருந்தவில்லை. அதனாலோ என்னவோ, வகுப்பில் எனக்கு மறக்காமல் நின்ற ஒரே வருடம் 1838.

வண்ணாரப்பேட்டை பாபு:
அக்கா கோவிச்சுக்காதீங்க, லுங்கியை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து செரோக்கி எழுத்தில் என் பேரை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அந்த அட்டவணையில் 'ப'வே கிடையாது.