ஸ்பைரோமீட்டர் வெப்பநிலையைத் தப்பாகக் காட்டுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. உசிலம்பட்டிப் பக்கம் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். தகரக் கொட்டகை. சுவர்த் தெர்மாமீட்டரில் 34 டிகிரி; ஊதும் மூச்சின் அளவைக் காட்டும் எங்கள் ஸ்பைரோமீட்டர் மெஷினின் திரையிலோ 25-லேயே நிற்கிறது.

நுரையீரலில் 37 டிகிரியில் இருக்கும் காற்று வெளியே வந்ததும் குளிர்ந்து சுருங்கும். அதை ஈடுகட்ட, 25 டிகிரி என்றால் மெஷின் சுமார் 1.075ஆல் பெருக்கும், 34க்கு 1.02 போதும். ஆக, ஊதிய அளவு 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும். இருபது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்ற அண்ணனுக்கு 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவோமோ என்று மனசு பதறுகிறது. மெஷின் அளவைச் சரிபார்க்கும் 3 லிட்டர் சிரிஞ்சு வைத்துப் பார்த்தால் இந்தப் பிழை தெரிவதில்லை. அதில் இருப்பது அறைக் காற்றுதானே, அதற்கு இந்தப் பெருக்கல் தேவையில்லை.

மதுரையில் சென்சார் மாற்றித் தருபவர்கள் யாராவது உண்டா? அதுவரை வெப்பநிலையைக் கையால் பதிந்தால் சரியாக வருமா? அடுத்த முகாம் இந்த ஞாயிற்றுக்கிழமை.